தாத்தாவுக்குக் கேட்காத டெலிவிஷன்!

சத்தம் காதைப் பிளக்கிறது. ஆனால் பேச்சு புரியவில்லை!

இது என்ன வேடிக்கை என்று கேட்கிறீர்களா? இன்று எத்தனையோ வீடுகளில் நடக்கிற கதை இதுதான்.

எங்கள் தெருவில் ஒரு குடும்பம் இருக்கிறது. பெயர் வேண்டாம். தாத்தா ரெயில்வேயில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். வயது 74. மகன், மருமகள், பத்தாம் வகுப்பு படிக்கும் பேரன், சின்னப் பேத்தி ஒருத்தி. அளவான குடும்பம்.

இரவு 8 மணி ஆனால் தாத்தா டி.வி. முன்னால் வந்து உட்கார்ந்து விடுவார். செய்தி கேட்க வேண்டும். அதுதான் அவருக்கு உயிர்.

ஆனால் செய்தி வாசிப்பவர் பேசுவது அவருக்குச் சரியாக விளங்குவதில்லை. ரிமோட்டை எடுப்பார். சத்தத்தை 20-ல் இருந்து 30 ஆக்குவார். பிறகு 40, பிறகு 45.

அடுத்த அறையில் இருந்து பேரன் கத்துவான். "தாத்தா! எனக்கு நாளைக்குப் பரீட்சை!"

அடுப்படியில் இருந்து மருமகள் குரல் கொடுப்பாள். "மாமா, கொஞ்சம் குறைச்சு வையுங்க. பாப்பா தூங்குறா."

தாத்தா ஒன்றும் பேச மாட்டார். குறைத்து விடுவார். அப்புறம் செய்தி வாசிப்பவரின் வாயையே பார்த்துக் கொண்டிருப்பார்.

இப்படியே சில மாதம் போயிற்று. ஒரு நாள் அவர் கூடத்துக்கு வருவதையே நிறுத்தி விட்டார். 8 மணிக்கு வாசல் திண்ணையில் தனியாக உட்கார்ந்திருந்தார். "ஏம்பா, செய்தி பார்க்கலையா?" என்று மகன் கேட்டார். "எல்லாம் பேப்பரில் பார்த்துக்கலாம்" என்று சொல்லி விட்டார்.

மகனுக்கு மனசு கேட்கவில்லை. தீபாவளிக்குப் போனஸ் வந்தது. 9 ஆயிரம் ரூபாய் கொடுத்து ஒரு சவுண்ட்பார் வாங்கி வந்தார். "1000 வாட்" என்று அட்டைப் பெட்டியில் கொட்டை எழுத்தில் போட்டிருந்தது.

அன்று இரவு வீடே அதிர்ந்தது! ஷோகேசில் இருந்த பொம்மைகள் ஆடின. பேத்தி கைதட்டினாள். தாத்தாவைக் கையைப் பிடித்து அழைத்து வந்து உட்கார வைத்தார்கள்.

பத்து நிமிஷம் பார்த்தார். பிறகு மெதுவாகச் சொன்னார்: "சத்தம் நல்லா இருக்குப்பா. என்ன பேசுறாங்கன்னுதான் தெரியலை."

மகன் முகம் சுண்டிப் போய் விட்டது. 9 ஆயிரம் ரூபாய்!

தப்பு தாத்தாவின் காதிலா? டி.வி.யிலா? வாங்கி வந்த கருவியிலா? மூன்றிலும் கொஞ்சம் கொஞ்சம் இருந்தது. அதைச் சொல்லத்தான் இந்தக் கட்டுரை.

பெட்டி மெலிந்தது, குரலும் மெலிந்தது

சென்னைக்கு டெலிவிஷன் வந்தது 1975-ம் ஆண்டு, ஆகஸ்டு 15-ந்தேதி. அந்தக் காலத்துப் பெட்டி நினைவிருக்கிறதா? இரண்டு பேர் சேர்ந்துதான் தூக்க வேண்டும். உள்ளே பெரிய கண்ணாடிக் குழாய். பக்கத்தில் ஸ்பீக்கருக்குத் தாராளமாக இடம். பெரும்பாலான பெட்டிகளில் அந்த ஸ்பீக்கர் நம் முகத்தைப் பார்த்தபடி இருக்கும்.

இன்றைய டி.வி. சுவரில் மாட்டிய காலண்டர் மாதிரி இருக்கிறது. படம் பிரமாதம்! ஆனால் ஸ்பீக்கரை எங்கே வைப்பது? இடமே இல்லை. ஆகவே சின்னஞ்சிறு ஸ்பீக்கர் இரண்டை அடிப்பக்கத்திலோ, முதுகுப் பக்கத்திலோ ஒட்டி விடுகிறார்கள். ஒலி கீழே போகிறது. அல்லது சுவரில் போய் முட்டுகிறது. அங்கிருந்து தெறித்துத்தான் நம் காதுக்கு வருகிறது.

ஸ்பீக்கர் எப்படி வேலை செய்கிறது? அதற்குள் காகிதத்தாலோ வேறு இலேசான பொருளாலோ ஆன ஒரு கூம்பு இருக்கிறது. அதன் அடியில் கம்பிச் சுருள். அதைச் சுற்றிக் காந்தம். மின்சாரம் பாய்ந்ததும் கூம்பு முன்னும் பின்னும் துடிக்கிறது. காற்றைத் தள்ளுகிறது. அந்தக் காற்றின் அசைவுதான் ஒலி. இப்போது நாம் உபயோகிக்கும் ஸ்பீக்கருக்கு வழிகாட்டிய அமைப்பை அமெரிக்காவில் ரைஸ், கெல்லாக் என்ற இரண்டு எஞ்சினீயர்கள் 1925-ல் வெளியிட்டார்கள். நூறு ஆண்டு ஆகி விட்டது. அடிப்படை இன்னும் மாறவில்லை.

கை விசிறி வீசினால் எவ்வளவு காற்று வரும்? மின்சார விசிறிக்கு எவ்வளவு வரும்? அதே கணக்குதான் இங்கேயும். சின்னக் கூம்பு கொஞ்சம் காற்றைத்தான் தள்ளும். தவிலின் கீச்சுப் பக்கம் கேட்கும். தொப்பிப் பக்கத்தின் "தொம்" கேட்காது.

படமா? தடமா? மடமா?

சத்தம் வேறு; பேச்சு விளங்குவது வேறு. இதைப் பலர் யோசிப்பதில்லை.

படம், தடம், மடம், கடம், வடம். இந்த ஐந்து சொல்லையும் சொல்லிப் பாருங்கள். பின்பாதி ஐந்துக்கும் ஒன்றுதான். முதல் எழுத்தில் வரும் மெய்யை வைத்துத்தான் எது படம், எது மடம் என்று நம் மூளை கண்டு பிடிக்கிறது.

அந்த மெய்யெழுத்துக்களின் ஒலி மிக இலேசானது. அதில் மேல் சுருதி அதிகம். ஒரு வினாடிக்கு இரண்டாயிரம், நாலாயிரம் தடவை காற்று துடிக்கும் ஒலி அது. "ஆ", "ஓ" என்ற உயிரெழுத்துக்களோ கனமானவை, கீழ்ச் சுருதி. தூரத்தில் இருந்தும் கேட்கும்.

வயது ஆக ஆக, காதில் முதலில் மங்குவது மேல் சுருதிதான். ஆகவே முதியவர்களுக்குச் சத்தம் கேட்கும். சொல் புரியாது. "ஏன் முணுமுணுக்கிறாய்?" என்று நம்மையே கேட்பார்கள். நாம் முணுமுணுக்கவில்லை. அவர்களுக்கு மெய்யெழுத்துக்கள் வந்து சேரவில்லை.

இந்த நிலையில் டி.வி.யின் சத்தத்தைக் கூட்டினால் என்ன ஆகும்? பேச்சோடு சேர்ந்து பின்னணி இசையும் கூடும். அடி ஒலியும் கூடும். கூட்டத்தில் சிக்கிய குழந்தை மாதிரி, சொல் அதற்குள் அகப்பட்டுக் கொள்ளும்.

சினிமாப் படங்களில் இது இன்னும் அதிகம். தியேட்டரில் பேச்சுக்கென்று திரைக்குப் பின்னால் நடுவில் தனி ஸ்பீக்கர் உண்டு. இசைக்கும் சண்டைச் சத்தத்துக்கும் பக்கத்தில், பின்னால் என்று வேறு வேறு ஸ்பீக்கர்கள். அவ்வளவையும் பிழிந்து, வீட்டு டி.வி.யின் இரண்டு சின்னத் துளைக்குள் அடைத்தால் பேச்சு நசுங்கத்தானே செய்யும்?

கம்பு போல ஒரு கருவி

இதற்குப் பரிகாரமாக வந்ததுதான் சவுண்ட்பார். நீளமான கம்பு போல இருக்கும். டி.வி.க்குக் கீழே படுக்க வைக்கலாம், சுவரிலும் மாட்டலாம். அதற்குள் பல ஸ்பீக்கர்கள் வரிசையாக, நம்மைப் பார்த்தபடி இருக்கின்றன. நம்மைப் பார்த்தபடி என்பதுதான் முக்கியம். பாதி நன்மை அதிலேயே வந்து விடுகிறது.

கடைக்குப் போனால் 2.0, 2.1, 3.1, 5.1 என்று ஏதோ கணக்கு மாதிரிச் சொல்வார்கள். பயப்பட வேண்டாம்.

முதல் எண், ஒலி எத்தனை பாதையாகப் பிரிந்து வருகிறது என்பது. 2 என்றால் இடது, வலது. 3 என்றால் இடது, வலது, நடு. 5 என்றால் இவற்றோடு பின்பக்கம் இரண்டு. புள்ளிக்குப் பின்னால் உள்ள 1, சப்வூஃபர். "தொம் தொம்" என்ற அடி ஒலிக்கு மட்டும் வைத்திருக்கும் தனிப் பெட்டி அது.

வீட்டில் முதியவர்கள் இருந்தால், செய்தியும் நாடகமும்தான் அதிகம் ஓடும் என்றால், 3.1 வாங்குங்கள். இது என் அபிப்பிராயம். நடு ஸ்பீக்கர் பேச்சுக்கென்றே உள்ளது. பெரிய பெட்டியோடு வரும் மலிவான 2.1-ஐ விட, நடு ஸ்பீக்கர் உள்ள அடக்கமான கருவி மேல்.

சின்ன அறையா? பணமும் குறைவா? அப்படியானால் சப்வூஃபர் இல்லாத 2.0 கூடப் போதும். டி.வி.யின் சொந்தக் குரலை விட அது தெளிவாக இருக்கும். சில ஆயிரம் ரூபாயில் கிடைக்கிறது. லட்சம் ரூபாய்க்கு மேலும் சவுண்ட்பார் விற்கிறார்கள். அது நமக்கு வேண்டாம்!

இடது, வலது என்று ஒலியைப் பிரிக்கும் யோசனை யாருக்குத் தோன்றியது தெரியுமா? ஆலன் புளூம்லீன் என்ற இங்கிலாந்து எஞ்சினீயருக்கு. அவர் மனைவியோடு சினிமாவுக்குப் போனாராம். திரையில் நடிகர் ஒரு பக்கம் நடந்து போகிறார். குரலோ வேறு பக்கத்தில் இருந்து வருகிறது. "இதைச் சரி செய்ய எனக்கு வழி தெரியும்" என்ற மாதிரி மனைவியிடம் சொன்னதாகச் சொல்வார்கள். சொன்னது போலவே 1931-ல் அதற்குப் பேட்டண்ட் உரிமைக்கு விண்ணப்பம் போட்டு விட்டார். பாவம், 1942-ல் ரேடார் கருவி ஒன்றைச் சோதனை செய்து கொண்டிருந்தபோது விமான விபத்தில் இறந்து போனார்.

வாட் கணக்கு: ஜாக்கிரதை!

நம் ரெயில்வே தாத்தா வீட்டில் வாங்கிய கருவி "1000 வாட்" என்று சொன்னேன் அல்லவா? அதே அட்டைப் பெட்டியின் இன்னொரு பக்கத்தில், பொடி எழுத்தில், "பி.எம்.பி.ஓ." என்று இருந்தது. மகன் அதைப் பார்க்கவில்லை. யார்தான் பார்க்கிறார்கள்?

பி.எம்.பி.ஓ. என்பது ஒரு கண் சிமிட்டும் நேரத்துக்குக் கருவி எவ்வளவு கத்தும் என்று போடும் கற்பனைக் கணக்கு. அதற்கு ஒழுங்கான அளவுகோலே கிடையாது. போட்டவர் போட்டதுதான்.

நாம் பார்க்க வேண்டியது "ஆர்.எம்.எஸ்." என்ற எழுத்தை. தொடர்ந்து எவ்வளவு வாட் கொடுக்கும் என்பது அது. 10-க்குப் 12 அடி அறைக்கு ஆர்.எம்.எஸ். கணக்கில் 40, 60 வாட் இருந்தாலே தாராளம்.

இன்னொரு சோதனையும் உண்டு. கருவியின் முதுகில், அல்லது அதன் மின்சார அடாப்டரில், எவ்வளவு மின்சாரம் எடுக்கும் என்று சிறிதாக அச்சடித்திருப்பார்கள். சுவரில் இருந்து 60 வாட் வாங்குகிற கருவி, 1000 வாட் ஒலியைத் தொடர்ந்து கொடுக்க முடியுமா? படியளந்தது ஒரு படி, பொங்கியது பத்துப் படி என்றால் நம்பலாமா?

மேலும், வாட் இரண்டு மடங்கு ஆனால் சத்தம் இரண்டு மடங்கு ஆகி விடாது. நம் காதுக்கு இரண்டு மடங்காகத் தோன்ற, வாட் பத்து மடங்கு வேண்டும். ஆகவே 80 வாட்டுக்கும் 100 வாட்டுக்கும் காதுக்கு அதிக வித்தியாசம் தெரியாது. அதற்காக இரண்டாயிரம் ரூபாய் கூடக் கொடுக்காதீர்கள்.

கடைக்குப் போகுமுன்

ஒரு துண்டுக் காகிதமும் டேப்பும் எடுத்துக் கொள்ளுங்கள். டி.வி.யின் அகலத்தை அளந்து எழுதுங்கள். 32 அங்குல டி.வி. என்றால் அகலம் சுமார் 28 அங்குலம். 43 அங்குலம் என்றால் சுமார் 38. சவுண்ட்பார் அதை விட நீளமாக இருக்க வேண்டாம்.

டி.வி. கால் ஊன்றி மேஜையில் நிற்கிறதா? இரண்டு காலுக்கும் நடுவே எவ்வளவு இடைவெளி? திரையின் கீழ் விளிம்பு மேஜையில் இருந்து எவ்வளவு உயரம்? இதையும் எழுதுங்கள். உயரமான சவுண்ட்பாரை வாங்கி வந்து வைத்தால், அடியில் ஓடும் செய்தி எழுத்தை மறைக்கும். ரிமோட்டுக்கான கண்ணையும் மறைத்து விடும். அப்புறம் ரிமோட்டைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்து அமுக்க வேண்டியிருக்கும்!

பிறகு டி.வி.யின் முதுகைப் பாருங்கள். "எச்.டி.எம்.ஐ." என்று எழுதிய தட்டையான துளைகள் இரண்டு, மூன்று இருக்கும். அவற்றில் ஒன்றின் பக்கத்தில் மட்டும் "ஏ.ஆர்.சி." என்றோ "இ.ஏ.ஆர்.சி." என்றோ இருக்கிறதா? இருந்தால் குறித்துக் கொள்ளுங்கள். செல்போனில் ஒரு படம் எடுத்துக் கொண்டால் இன்னும் நல்லது. கடைக்காரரிடம் காட்டலாம்.

கடையில் என்ன செய்வார்கள்? ஒரு சண்டைப் படத்தை ஓட விடுவார்கள். கார் வெடிக்கும். ஹெலிகாப்டர் பறக்கும். நாம் வாய் பிளந்து நிற்போம். அதிகச் சத்தம் போடுகிற கருவிதான் நல்ல கருவி என்று மனசு சொல்லும். இது மனித சுபாவம். விற்பனைக்காரருக்கும் இது தெரியும்.

"செய்தி சேனல் வையுங்கள்" என்று கேளுங்கள். சத்தத்தைக் குறைத்து வைக்கச் சொல்லுங்கள். பத்தடி தள்ளி நின்று, கண்ணை மூடிக் கொண்டு கேளுங்கள். ஒவ்வொரு சொல்லும் விளங்குகிறதா? அதுதான் பரீட்சை. முடிந்தால் தாத்தாவையோ பாட்டியையோ கூட்டிக் கொண்டு போங்கள். அவர்கள் காதுக்குத்தானே வாங்குகிறோம்!

பேச்சை மட்டும் எடுத்துக் காட்டும் பித்தான் ரிமோட்டில் இருக்கிறதா என்று பாருங்கள். "வாய்ஸ்", "டயலாக்", "நியூஸ்" என்று ஏதாவது ஒரு பெயர் இருக்கும். இரவு நேரத்துக்கு "நைட்" என்று ஒரு பித்தான் இருந்தால் அதிர்ஷ்டம். திடீர்ச் சத்தத்தை அது அடக்கும். மெல்லிய பேச்சை உயர்த்தும்.

"வயர்லெஸ் சப்வூஃபர்" என்பார்கள். வயரே கிடையாது என்று நினைத்து விடாதீர்கள். சவுண்ட்பாருக்கும் அதற்கும் நடுவில்தான் வயர் இல்லை. மின்சாரத்துக்கு அதற்கென்று தனிப் பிளக் வேண்டும். வாங்கி வந்த பிறகு பிளக் பாயிண்ட் தேடி அலைந்தவர்கள் பலர்.

தலைக்கு மேல் ஒலி

"டால்பி அட்மாஸ் இருக்கிறது, மழை பெய்தால் தலைக்கு மேல் பெய்கிற மாதிரியே கேட்கும்" என்றும் சொல்வார்கள். உண்மைதான். ஆனால் எல்லா வீட்டிலும் அல்ல.

ரே டால்பி என்ற அமெரிக்கர் 1963 முதல் 1965 வரை யுனெஸ்கோ ஆலோசகராக நம் இந்தியாவில் வேலை பார்த்தவர். பிறகு லண்டனுக்குப் போய் 1965-ல் தம் கம்பெனியைத் தொடங்கினார். அந்தக் கம்பெனி 2012-ல் கொண்டு வந்ததுதான் அட்மாஸ். அந்த ஆண்டு டிசம்பரிலேயே, முப்பரிமாணமாக மாற்றப்பட்ட "சிவாஜி" படம் இந்த முறையில் வந்தது. இந்தியப் படங்களில் அதுதான் முதல்!

வீட்டுச் சவுண்ட்பாரில் இது எப்படி நடக்கிறது? சில ஸ்பீக்கர்கள் மேல்நோக்கி இருக்கும். ஒலி கூரையில் மோதிக் கீழே வரும். கூரையில் இருந்தே வருவதாகக் காது ஏமாறும். இதற்குக் கூரை தட்டையாக இருக்க வேண்டும். உயரம் சுமார் 7½ அடியில் இருந்து 14 அடிக்குள் இருக்க வேண்டும். தளம் போட்ட வீட்டுக்குச் சரி. ஓட்டு வீட்டில் ஒலி சரிவில் பட்டு எங்கேயோ போய் விடும். தகரக் கூரை வீட்டில் நிஜ மழையே போதும், அட்மாஸ் எதற்கு?

மேல்நோக்கும் ஸ்பீக்கர் இல்லாமலே "அட்மாஸ்" என்று எழுதிய மலிவுக் கருவிகளும் உண்டு. அவை காதை வேறு தந்திரத்தால் ஏமாற்றுபவை. ஓரளவு நன்றாகவே இருக்கும். ஆனால் அந்த ஒரு சொல்லுக்காக அதிகப் பணம் கொடுக்கத் தேவையில்லை.

ஒரே ஒரு கம்பி

வாங்கி வந்தாயிற்று. எப்படி இணைப்பது?

டி.வி.யில் ஏ.ஆர்.சி. என்று எழுதிய துளையையும், சவுண்ட்பாரில் அதே எழுத்து உள்ள துளையையும் ஓர் எச்.டி.எம்.ஐ. கம்பியால் இணையுங்கள். அவ்வளவுதான். ஒரே கம்பி! கேபிள் பெட்டி, செல்போன் படம், எது டி.வி.யில் ஓடினாலும் ஒலி இந்தக் கம்பி வழியாகச் சவுண்ட்பாருக்குப் போய் விடும்.

இங்கேதான் ஒரு சங்கடம் வரும். கேபிள் பெட்டியை மாட்டிய ஆள், அந்த ஏ.ஆர்.சி. துளையிலேயே அதைச் செருகி விட்டுப் போயிருப்பார். அவரைக் குறை சொல்ல முடியாது. அவருக்கு எல்லாத் துளையும் ஒன்றுதான். அதைப் பிடுங்கி வேறு எச்.டி.எம்.ஐ. துளையில் மாற்றுங்கள். ஏ.ஆர்.சி. துளை சவுண்ட்பாருக்கு மட்டும்.

அடுத்து, டி.வி.யின் "செட்டிங்ஸ்" பக்கத்துக்குப் போங்கள். ஒலி என்ற பகுதியில், ஒலி எங்கே போக வேண்டும் என்று கேட்கும். டி.வி. ஸ்பீக்கர் என்று இருப்பதை மாற்றி, எச்.டி.எம்.ஐ. ஏ.ஆர்.சி. என்று வையுங்கள். "சி.இ.சி." என்ற ஒன்றையும் திறந்து விட வேண்டும். சாம்சங்கில் இதற்கு "எனிநெட்" என்று பெயர், எல்.ஜி.யில் "சிம்ப்லிங்க்"; சோனியில் "பிராவியா சிங்க்". இதைத் திறந்து விட்டால், டி.வி.யின் ரிமோட் ஒன்றே போதும். டி.வி.யை அணைத்தால் சவுண்ட்பாரும் அணைந்து விடும். வயதானவர்களுக்கு இரண்டு ரிமோட் வைத்துக் கொண்டு அவதிப்படும் வேலை இல்லை.

பழைய டி.வி.யா? ஏ.ஆர்.சி. இல்லையா? "ஆப்டிகல்" என்ற சிறு சதுரத் துளை இருக்கும். அதற்கென்று தனிக் கம்பி உண்டு. கம்பிக்குள் மின்சாரம் போகாது, வெளிச்சம்தான் போகும்! முனையில் உள்ள பிளாஸ்டிக் மூடியைக் கழற்றி விட்டுச் செருகுங்கள். மூடியோடு செருகி விட்டு, "மெஷின் ரிப்பேர்" என்று கடைக்கு ஓடியவர்கள் உண்டு.

புளூடூத்தில் கம்பியே வேண்டாமே என்பீர்கள். பாட்டுக் கேட்கச் சரி. டி.வி.க்கு அது கடைசி வழி. ஒலி கொஞ்சம் தாமதமாக வரும். ஒரு வினாடியில் எட்டில் ஒரு பங்கு பிந்தினாலே, வாய் அசைவும் பேச்சும் ஒட்டவில்லை என்று நம் கண் கண்டு பிடித்து விடும். வாயைப் பார்த்துப் பாதிப் பேச்சைப் புரிந்து கொள்கிற முதியவர்களுக்கு இது பெரிய கஷ்டம்.

எங்கே வைப்பது?

இப்போது தாத்தா வீட்டுக்கு வருவோம். இரண்டு வாரம் கழித்து நான் அங்கே போயிருந்தேன். மகன் வருத்தத்தோடு கதையைச் சொன்னார். சவுண்ட்பாரைப் பார்த்தேன். சிரிப்பு வந்தது; அடக்கிக் கொண்டேன்.

டி.வி.க்குக் கீழே ஷோகேஸ். அதன் தட்டுக்குள், பொம்மைகளுக்குப் பின்னால், கருவியைத் தள்ளி வைத்திருந்தார்கள். தூசி படக்கூடாதாம்! மேலே ஒரு பூப்போட்ட துணி வேறு. கிணற்றுக்குள் இருந்து பேசுகிற மாதிரிக் கேட்காமல் என்ன செய்யும்?

சப்வூஃபர் அறை மூலையில் இருந்தது. மூலையில் வைத்தால் இரண்டு சுவரும் தரையும் சேர்ந்து அடி ஒலியைப் பெருக்கி விடும். அந்த "தொம் தொம்" பேச்சை விழுங்கிக் கொண்டிருந்தது.

மூன்றாவதுதான் முக்கியம். டி.வி.யின் சொந்த ஸ்பீக்கரை நிறுத்தவே இல்லை! புளூடூத்தில் இணைத்திருந்தார்கள், அவர்கள் டி.வி.யில் இரண்டும் சேர்ந்து பேசும்படி வைத்திருந்தது. டி.வி. முதலில் ஒரு சொல் சொல்லும். சவுண்ட்பார் பின்னாலேயே அதே சொல்லைச் சொல்லும். ஒரே செய்தியை இரண்டு பேர் முன்பின்னாக வாசித்தால் எந்தக் காதுக்குத்தான் புரியும்?

வேலை அரை மணி நேரம்தான். சவுண்ட்பாரை ஷோகேசின் மேல் தட்டுக்குக் கொண்டு வந்தோம். தட்டின் முன் விளிம்போடு விளிம்பாக வைத்தோம். உள்ளே தள்ளி வைத்தால் முன்னால் உள்ள பலகையில் ஒலி பட்டுக் கலங்கும். உட்கார்ந்திருப்பவரின் காது உயரத்துக்கு ஏறக்குறைய சரியாக வந்தது. துணியை எடுத்து விட்டோம். புளூடூத்தை விட்டு, கம்பி போட்டோம். டி.வி. ஸ்பீக்கரை நிறுத்தினோம்.

சப்வூஃபருக்கு இடம் பார்க்க ஒரு பழைய தந்திரம் உண்டு. அதைத் தூக்கி, நாம் வழக்கமாக உட்காரும் நாற்காலியில் வையுங்கள். பாட்டு ஓட விடுங்கள். பிறகு நீங்கள் தரையில் தவழ்ந்து அறையைச் சுற்றுங்கள். எந்த இடத்தில் அடி ஒலி சீராக, உறுமாமல் கேட்கிறதோ, அங்கே பெட்டியை வைத்து விடுங்கள். பேத்தி இந்த வேலையைச் செய்தாள். ஷோகேசுக்குப் பக்கத்தில், மூலையில் இருந்து மூன்றடி தள்ளி, நல்ல இடம் கிடைத்தது. அடி ஒலியின் அளவையும் ரிமோட்டில் பாதிக்கு மேல் குறைத்தோம். "வாய்ஸ்" பித்தானை அமுக்கினோம்.

இன்னும் ஒரு குறை இருந்தது. அறையின் தரை டைல்ஸ். சுவர் மொட்டை. நடுவில் நின்று கைதட்டினால் "டிங்" என்று எதிரொலித்தது. மருமகள் ஒரு ஜமுக்காளத்தை விரித்தாள். ஜன்னலுக்குக் கனமான திரை போட்டாள். மறுபடி கைதட்டியபோது "டிங்" பெரும்பாலும் போய் விட்டது. இதற்குச் செலவு ஒன்றுமில்லை. வீட்டில் இருந்த ஜமுக்காளம்தான்.

8 மணி ஆயிற்று. செய்தி தொடங்கியது. தாத்தா சத்தத்தை வைக்கச் சொன்ன அளவு, அடுத்த அறையில் பேரன் படிப்பதற்கு இடைஞ்சலாக இல்லை. செய்தி வாசிப்பவர் ஓர் ஊர்ப் பெயரைத் தப்பாக உச்சரித்தார். "அட, அது அப்படி இல்லையே!" என்றார் தாத்தா. எல்லாரும் திரும்பிப் பார்த்தோம்.

அதே 9 ஆயிரம் ரூபாய்க் கருவிதான்!

டாக்டரையும் பாருங்கள்

ஆனால் எல்லாவற்றையும் சவுண்ட்பார் சரி செய்து விடும் என்று எண்ணக் கூடாது. காதில் அழுக்கு அடைத்திருந்தாலே கேட்பது மங்கும். காது, மூக்கு, தொண்டை டாக்டரிடம் ஒரு தடவை காட்டிச் சோதனை செய்து கொள்ள வேண்டும். இந்தத் தாத்தா அரசாங்க ஆஸ்பத்திரிக்குப் போனார். இரண்டு காதிலும் மேல் சுருதி குறைந்திருப்பது தெரிந்தது. காதுக் கருவி வைத்துக் கொள்ளலாம் என்றார் டாக்டர். "கண்ணாடி போடுகிறோம், அதற்கு வெட்கப்படுகிறோமா?" என்று மருமகள்தான் பேசிப் பேசி அவரைச் சம்மதிக்க வைத்தாள்.

சுவர் சேர்ந்த வீடுகளிலும் அடுக்கு மாடிகளிலும் இருப்பவர்கள், பக்கத்து வீட்டையும் நினைக்க வேண்டும். பேச்சுச் சத்தத்தைச் சுவர் தடுக்கும். அடி ஒலியைத் தடுக்காது. அது தரை வழியாகவே போகும். சப்வூஃபருக்கு அடியில் கனமான ரப்பர் மெத்தையை வையுங்கள். குடியிருப்புப் பகுதியில் பகலில் 55 டெசிபல், இரவு 10 மணியில் இருந்து காலை 6 மணி வரை 45 டெசிபல் என்று 2000-ம் ஆண்டு வந்த ஒலி மாசு விதிகள் சொல்கின்றன. இரவில் சப்வூஃபரை அடியோடு நிறுத்தி விடுவதே நல்லது.

இடி, மின்னல் நேரத்தில் சுவிட்சை அணைத்தால் மட்டும் போதாது. பிளக்கைப் பிடுங்கி விட வேண்டும். கேபிள் வயரையும் கழற்ற வேண்டும். சவுண்ட்பாரும் டி.வி.யும் இப்போது ஒரே கம்பியில் பிணைந்திருக்கின்றன; ஒன்றுக்கு வரும் ஆபத்து மற்றதற்கும் வரும்.

அந்த வீட்டில் இந்த வேலையைத் தாத்தா தாமாகவே ஏற்றுக் கொண்டிருக்கிறார். வானம் கறுத்தால் முதலில் எழுந்து போய்ப் பிளக்கைப் பிடுங்குகிறவர் அவர்தான். மழை விட்டதும் மறுபடி செருகி, செய்திக்கு நேரமாகி விட்டதா என்று கடிகாரத்தைப் பார்க்கிறார்.